புருஷன் பேரில் ஒரு குருவி

அருங்காட்சியகத்துப் பறவை அறையில் தோலுரித்துப் பஞ்சடைக்கிற வேலை அவளுக்கு. புருஷன் செத்ததால் கிடைத்த வேலை.

அவன் அருங்காட்சியகத்துக்காக மழைக்காட்டில் வலை கட்டிப் பறவை பிடித்தவன். ஒருநாள் கட்டைவிரல் பருமனில் பழுப்புக் குருவி ஒன்று வலையில் விழுந்தது. யாரும் பார்த்திராத பெட்டை. புது இனம் என்றார்கள் பெரிய படிப்பாளிகள்; அதன் லத்தீன் பேரில் அவன் பேரையே சேர்த்தார்கள். இதன் ஆணையும் பிடித்து வா என்றார்கள். போனான். அடைமழையில் மலைச்சரிவு பெயர்ந்து அவனை மூடியது.

இப்போது வந்திருக்கும் டாக்டரம்மா மரபணுச் சோதனைக்கு அந்தக் குருவியின் கால்விரலில் துளி சதை கேட்டாள். அதை வேறு யாரும் தொட அவள் விடவில்லை. தானே சீவிக் கொடுத்தாள்.

"அக்கா, அண்ணன் வெளிநாட்டு லேபுக்குப் போறாரு. வழியனுப்பலையா?" என்றான் கொக்கு. அலமாரி துடைக்கிற நெட்டைப் பையனுக்கு அங்கே அதுதான் பேர்.

"போடா. நீ செத்தா கரப்பான்பூச்சிக்குக்கூட உன் பேரை வைக்க மாட்டாங்க."

முடிவு வந்த அன்று டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்கக்கா."

"நின்னே கேட்டுக்கறேன்."

"இது தனி இனம் இல்லக்கா. ஏற்கெனவே பேர் வச்ச குருவியோட பெட்டைதான். முதல்ல வச்ச பேர்தான் நிக்கும்."

"அப்ப அவர் பேரு?"

"இனிமே யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"சரி. இதோட ஆண் எப்படி இருக்கும்?"

டாக்டரம்மா தயங்கியபடி எதிர் அலமாரியில் ஒரு தட்டை இழுத்தாள். நீலத்தலையும் கறுப்பு உடம்புமாக, கண்ணில் பஞ்சோடு, ஆண் குருவிகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன.

"இதெல்லாம் எப்ப வந்தது?"

"நாம யாரும் பொறக்கறதுக்கு முன்னாடியே இங்கதான் இருக்குக்கா. நிறமே வேற பாருங்க, ஒரே இனம்னு யாருக்கும் தோணல."

கை நீட்டினால் எட்டுகிற தூரம்.

"இதைத் தேடித்தான் அவரை மலைக்கு அனுப்பினீங்களா?"

அவனை அனுப்பியது டாக்டரம்மா அல்ல. அனுப்பியவர்கள் ஓய்வுபெற்றுப் போயிருந்தார்கள்.

இனம் மாறினால் குருவி இருக்கும் தட்டும் மாற வேண்டும்.

"நான் வைக்கறேன்க்கா" என்றாள் டாக்டரம்மா.

"நகருங்க. என் வேலை இது."

பழுப்புக் குருவியை எடுத்து வந்தாள். தட்டில் இடமில்லை. ஆண்களை ஒவ்வொன்றாக நெருக்கித் தள்ளி, ஓரத்தில் கிடத்தினாள். தட்டு உள்ளே போகாமல் சிக்கியது. இடுப்பால் ஓங்கி ஒரு இடி. மூடிக்கொண்டது. அப்படியே அலமாரியில் நெற்றியை முட்டி, வாய்விட்டு அழுதாள்.