தூசிக்குத் தைத்த மூடி

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பெட்டி. பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் தூக்கி வைத்து, நான்கு மூலையிலும் முறுக்குக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிய வீட்டுப் பெட்டி. ஓடும்போது கூரை தாழ்ந்து கிடக்கும். நின்ற பிறகு வெளிக்கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால் கூரை இரண்டு முழம் எழும்பும், சுற்றிலும் கித்தான் சுவர் விரியும், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். வண்டி ஓட்டுகிறவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் படுக்கை. கீழே ஒரு பெஞ்சு, ஒரு அடுப்பு, அலமாரிக்குள் ஒரு காஸ் சிலிண்டர். என் கணவர் இதை யாரிடமோ பழசாக வாங்கிவந்து, ரோடே இல்லாத இடத்துக்கெல்லாம் போகலாம் என்று சொல்லி எட்டு மாதம் பிரித்து மேய்ந்தார். ரோடு இருக்கிற இடத்துக்கே நாங்கள் இருவரும் சேர்ந்து போனதில்லை என்பது வேறு விஷயம்.

அவர் வெல்டர். நான் கார் சீட் உறை தைக்கிறவள். ஆகவே இரும்பு எல்லாம் அவர் பொறுப்பு, துணியும் ரெக்சினும் என் பொறுப்பு. கித்தான் சுவரை மொத்தமாகக் கழற்றிப் புதிதாகத் தைத்தேன். ஜிப் மாற்றினேன். கூரை மேல் தண்ணீர் கேன்களைக் கட்டுவதற்கு நாடா தைத்து, நானே கட்டினேன். என் தையலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அவருக்கு அவருடைய வெல்டிங்கைப் பற்றி அதைவிட அதிகம்.

முதல் வெள்ளோட்டத்தில் இரண்டு தொல்லைகள் வந்தன. ஒன்று, மேடு பள்ளத்தில் பின்கதவு தானாகத் திறந்து, பாத்திரமெல்லாம் அரை மைலுக்குச் சிதறியது. அவர் மறுநாளே கதவுக்கு வெளிப்பக்கம் கனமான தாழ்ப்பாள் ஒன்றைப் பற்றவைத்தார். இன்னொன்று தூசி. மாவு சலித்ததுபோல் படுக்கை, தட்டு, துணி எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. டார்ச்சு அடித்துத் தேடினேன். சிலிண்டர் அலமாரியின் அடித்தரையில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை. முன்பு வைத்திருந்தவன் ஏதோ குழாய்க்காக அறுத்துவிட்டு மறந்திருப்பான் என்று நினைத்தேன். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, இரட்டை ரெக்சின், நடுவில் ஸ்பாஞ்சு, ஓரத்தில் பசை, அதன் மேல் ஸ்குரூ என்று ஒரு மூடி போட்டேன். தண்ணீர்கூடப் போகாது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். "உன்ன விட்டா என் வாயையும் சேர்த்து தைச்சிடுவே" என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை. முதலில் தைக்கவேண்டியதே அதுதான் என்பது என் நிரந்தர பதில்.

காஸ் அலாரம் வாங்குவது செய்யவேண்டியவற்றின் பட்டியலில் பதினொன்றாவதாக இருந்தது. நாங்கள் கிளம்பியபோது ஒன்பது வரை முடித்திருந்தோம்.

கூட வந்தது என் நாத்தனார், அவருடைய தங்கை. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் லீவை எங்களை நம்பி வீணாக்கினாள். மூன்றாம் நாள் காலை ஓடைக் கல்லில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, காலை நீட்டி உயர்த்தி வைத்தால் போதும் என்று அவளே வைத்தியம் சொல்லிக்கொண்டாள். முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்காரும்போது காலை எங்கே நீட்டுவது? ஓடும்போது பெட்டிக்குள் யாரும் இருக்கக்கூடாது என்பது என் கணவரே போட்ட சட்டம். "ஒரு மணி நேரம்தானே" என்று அவரே அதை மீறினார்.

கிளம்புவதற்கு முன் அவள் எல்லோருக்கும் டீ போட்டாள். நாங்கள் இருவரும் கம்பிகளை முறுக்கி, கூரையை இறக்கிக் கொக்கி மாட்டினோம். அவள் பெஞ்சில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணா, உள்ள இருந்து தெறக்க முடியாதே?"

"தெறந்து எங்க போகப் போற? பேசாம தூங்கு."

மூவரும் சிரித்தோம். 

பாதை மலைச்சரிவை ஒட்டிக் கீழே இறங்கியது. ஒரு வண்டிக்கு மட்டும் இடம். வலப்பக்கம் பாறைச்சுவர், என் பக்கம் ஒன்றுமே இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் சக்கரத்துக்கு அப்பால் ஆகாயம்தான் தெரிந்தது. தரை முழுக்கப் பொடிக்கல். இங்கே நிறுத்தினால் பிரேக் பிடித்தாலும் வண்டி தானாக வழுக்கிக்கொண்டு போகும், கீழே சமதளம் வரும்வரை நிறுத்தவே முடியாது என்று அவர் முன்னாலேயே சொல்லியிருந்தார். ஆகவே நான் இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த கடவுள்களையெல்லாம் வரிசையாக அழைத்துக்கொண்டிருந்தேன்.

பாறை ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டு நின்ற வளைவில் அவர் கேட்டார்: "டீ போட்டப்புறம் சிலிண்டர மூடினியா?"

"நான் எங்க போட்டேன்? உங்க தங்கச்சிதான் போட்டா. அடுப்ப அணைச்சிருப்பா."

"அடுப்ப அணைச்சா போதாது. சிலிண்டர் வாயையும் மூடணும். இந்த ஆட்டத்துல டியூப் கழண்டுக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சமாதானம் சொன்னார். "பரவால்ல விடு. காஸ் கனம், கீழதான் எறங்கும். அலமாரிக்கு அடியில ஓட்டை இருக்குல்ல, அதுக்குத்தான் அது. லீக் ஆனாலும் நேரா ரோட்டுக்குப் போயிடும்."

நான் தைத்து மூடிய ஓட்டை அதுதான்.

வெளியே தாழ்ப்பாள். மேலே கொக்கிகள், அவையும் வெளியே. கித்தானில் நூல் அளவுகூட இடைவெளி கிடையாது. நான்தானே தைத்தேன். அடியில் என் மூடி. அவர் செய்தது சரி, நான் செய்ததும் சரி. இரண்டும் சேர்ந்து அவளை டப்பாவில் போட்டு அடைத்துவிட்டன.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சொன்னால் இவர் பதறுவார், பதறினால் பிரேக்கை மிதிப்பார், மிதித்தால் மூன்று பேரும் பாதாளத்துக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்த மூடியைப் பற்றிச் சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்பதுதான் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. லீக் ஆகியிருக்காது, அவள் சிலிண்டரை மூடியிருப்பாள், நர்ஸ் ஆயிற்றே, எதிலும் ஜாக்கிரதை என்று மனதுக்குள் அவளுக்கு நற்சான்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது தலைக்கு மேலே சத்தம் கேட்டது. தொம், தொம், தொம்.

"தண்ணி கேன் ஆடுது" என்றார் அவர், கண்ணைப் பாதையை விட்டு எடுக்காமல்.

நான் கட்டிய கேன் ஆடாது. மூன்று சுற்று நாடா, ஒவ்வொரு சுற்றிலும் தனி முடிச்சு. வண்டி கவிழ்ந்தாலும் அந்தக் கேன்கள் கூரையை விட்டுப் போகாது. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. பெஞ்சில் படுத்திருந்தவள் வீங்கின காலோடு மேல் படுக்கைக்கு ஏறியிருக்கிறாள். எங்கள் தலைக்கு நேர் மேலே, ஒரு சாண் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து தட்டுகிறாள்.

"ஆமா, கேன்தான் போல" என்றேன் நான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பயத்தில் சொன்னேன் என்பது தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. பயம் என்றால் கத்துவார்கள், ஓடுவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எதிரில் இருப்பவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போட வைக்கும் பயமும் உண்டு என்று தெரியாது.

தொம், தொம். இடைவெளி விட்டு இன்னொன்று. இரண்டு வளைவு தாண்டினோம். அப்புறம் சத்தம் இல்லை. கல் நொறுங்குவதும் என்ஜினும் மட்டும் கேட்டன. நான் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுளே, தட்டு, தட்டுடி என்று வாய்க்குள் கெஞ்சினேன். தட்டவில்லை.

"ஏங்க, அந்த ஓட்டைய நான் மூடிட்டேன்."

"எத?"

"அடி ஓட்டைய. தூசி வருதுன்னு தைச்சு மூடிட்டேன். மேல தட்டினது கேன் இல்லங்க. அவதான்."

அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. நான் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சமதளம் வரை அதே நிதானத்தில் ஓட்டினார். கழுத்து நரம்பு மட்டும் கயிறுபோல் புடைத்திருந்தது. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு அது முடியவே இல்லை.

வண்டி நின்றதும் அவர் என்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் ஓடினார். தாழ்ப்பாளில் தூசி அடைத்து இறுகிக் கிடந்தது. சுத்தியலை எடுத்து ஓங்கினார்.

"இரும்பு வேணாங்க! பொறி பறக்கும்!"

சுத்தியலை வீசிவிட்டு, விறகுக்கு வைத்திருந்த கட்டையை எடுத்து அடித்தார். நான் பிளேடோடு வண்டிக்கு அடியில் புகுந்தேன். என் தையல் எவ்வளவு உறுதி என்று அன்றுதான் கண்டேன். இரட்டை ரெக்சின் அறுபட மறுத்தது. அறுக்கிறேன், அறுக்கிறேன், விரல் அறுபட்டது, மூடி அறுபடவில்லை. நல்ல வேலைக்காரி என்று பேர் வாங்கிய என் கையை நானே திட்டிக்கொண்டு அறுத்தேன். ஒரு ஓரம் பிய்ந்ததும் அந்த நாற்றம் முகத்தில் குப்பென்று அடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு மீதியைப் பிய்த்து எறிந்தேன். அதே நேரம் மேலே கதவு திறக்கும் சத்தமும் கேட்டது.

மேல் படுக்கையில், கூரைக்கும் மெத்தைக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடைவெளியில் அவள் குப்புறக் கிடந்தாள். கித்தானில் வாயை அழுத்தி வைத்திருந்தாள். என் கித்தானைப் பல்லால் கடித்துக் கிழிக்கப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை.

அவர் அவளை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காற்று வரும் பக்கமாக ஓடினார். கொஞ்ச நேரம் அவளிடம் அசைவே இல்லை. எத்தனை நேரம் என்று கேட்காதீர்கள். பிறகு இருமினாள். வாந்தி எடுத்தாள். இன்னொரு தடவை எடுத்தாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் சிலிண்டரை மூடிக் கழற்றித் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கூரையையும் கதவையும் திறந்து போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான்தான் தாழ்ப்பாள் போட்டேன்" என்றார். "கேட்டியே, தெறக்க முடியாதேன்னு. நான்தான் சிரிச்சேன்." திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

அவள் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் கரகரத்தது. "நாத்தம் வந்ததும் மேல ஏறிட்டேன். அவ்வளவு தட்டினேனே, கேக்கலையா?"

"கேன் ஆடுதுன்னு நெனச்சேன்மா" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். கேன்களைக் கட்டும்போது நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான்.

"அண்ணி?"

"கேட்டுச்சு" என்றேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

அவர் தலை நிமிர்ந்தது. தட்டுவது நின்ற நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் வாயோரத்தில் என் கித்தானின் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"சிலிண்டர் மூடினியான்னு அவர் கேட்டார். அப்பவே தெரியும்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். உப்பு குறைந்தால் ஊரைக் கூட்டுகிற மனிதர், தன் தங்கையின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அதுதான் அன்றைக்கு எனக்கு மிகப் பெரிய பயமாக இருந்தது.

முந்தின நாள் கடந்து வந்த ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. உடனே டாக்டர் பார்க்க வேண்டும் என்று நர்ஸே சொல்லிவிட்டாள். திரும்பவும் அதே சரிவில் ஏறவேண்டும். பெட்டிக்குள் இனி யாரும் ஏறுவதாக இல்லை. முன்சீட்டில் அவள் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள். மிச்சம் இடமில்லை. "நீங்க போங்க, நான் நடந்து வரேன்" என்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வண்டி முன்னால் ஊர்ந்தது. நான் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் வேகம் குறைத்தாரா, பாதையே அப்படியா என்று தெரியவில்லை. மூச்சு வாங்கியது. கால் சறுக்கியது. தட்டுவது நின்ற இடத்தைத் தாண்டினேன். ஆமா, கேன்தான் போல என்று நான் சொன்ன இடத்தைத் தாண்டினேன். அதற்கு மேலும் பாதை போய்க்கொண்டே இருந்தது. வண்டியில் நான் சொல்லாமல் உட்கார்ந்திருந்த தூரம் அப்போது ஒரு நொடிபோல் இருந்தது. நடக்கும்போது அது மலையில் பாதியாக இருந்தது.

மூக்கு நீட்டிய பாறைக்கு மேலே கொஞ்சம் அகலமான இடத்தில், சக்கரத்துக்குக் கல் வைத்து வண்டியை நிறுத்தியிருந்தார். கீழே இறங்கி நின்றார். நான் மூச்சிரைக்க அந்தப் பாறைக்குப் பக்கத்தில் வந்து நின்றேன்.

"இங்கயா தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"இங்கதான்."

அவர் விளிம்புக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தார். நாங்கள் நிறுத்திய சமதளம் அடியாழத்தில் கைக்குட்டை அளவுக்குக் கிடந்தது. அங்கே விட்டுவந்த சிலிண்டர் கண்ணுக்கே தெரியவில்லை.

"இவ்வளவு தூரமா" என்றார். என்னிடம் சொல்லவில்லை. பிறகு போய்ச் சக்கரத்துக் கல்லை எடுத்தார்.