பிணையாகப் போன தளபதி

நவநீதகிருஷ்ணனுக்கு அருப்புக்கோட்டை பஜாரில் நூல் கடை. நாற்பது வயதிலும் அவர் தரையில் குப்புறப் படுத்து ஈயச் சிப்பாய்களை வைத்து விளையாடுவார் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மனைவி கனகலட்சுமி, இன்னொருவர் கூடவே படுத்து விளையாடும் காசிம்.

காசிம் ஒன்றாம் வகுப்பிலிருந்து அவரோடு படித்தவர். குவைத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அங்கே மேலாளராக இருந்த வெள்ளைக்காரர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது, கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள் நிறைந்த பெட்டி ஒன்றைக் காசிமிடம் கொடுத்துவிட்டுப் போனார். எண்பத்திரண்டில் அந்தப் பெட்டி அருப்புக்கோட்டைக்கு வந்தது. ஆளுக்கொரு படையாகப் பிரித்துக்கொண்டார்கள். பகடை உருட்டி, தையல்காரர் டேப்பால் அங்குலம் அளந்து, படையை நகர்த்த வேண்டும். காசிம் லீவில் வந்தால் போர்தான்.

நவநீதகிருஷ்ணன் படைக்குத் தலைவர் தொந்தித் தளபதி. பெட்டியிலேயே மிகப் பழைய பொம்மை அது. அதை வார்த்த கம்பெனியை மூடியே முப்பது வருஷம் ஆயிற்றாம். குட்டைக் கால், அவித்த நிலக்கடலை மாதிரி முகம், ஒரு பக்கம் சரிந்த தொப்பி, கையில் தொலைநோக்கி. காசிம் படைக்குத் தலைவன், அவர் பின்னாளில் புதிதாக வாங்கிய நெட்டையன். சட்டைப் பொத்தானைக்கூட எண்ணிவிடலாம், அப்படி ஒரு வார்ப்பு. லீவு முடியும்போது ஒருவர் தலைவனை மற்றவர் பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்வது வழக்கம். எண்பத்தொன்பதில் தொந்தியார் குவைத்துக்குப் போனார். நெட்டையன் நூல் கடை டிராயரில் கிடந்தான்.

மறு வருஷம் ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தது.

காசிம் பாலைவனம் தாண்டி, ஜோர்டானில் கூடாரத்தில் கிடந்து, செப்டம்பர் கடைசியில் ஒரே ஒரு கைப்பையோடு வீடு வந்து சேர்ந்தார். நவநீதகிருஷ்ணன் நான்கு தடவை பார்க்கப் போனார். நான்கு தடவையும் "தூங்குறாக" என்று பதில் வந்தது. ஐந்தாவது தடவை போகவில்லை. மனத்தாங்கல்தான்.

பத்து நாள் கழித்து காசிமின் மனைவி பரக்கத் நிஷா கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, அவுக தூங்கல. உங்களப் பாக்க வெக்கப்படுறாக."

"எங்கிட்ட என்னம்மா வெக்கம்?"

"உங்க பொம்மையத் தொலச்சுட்டாகளாம். 'அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்'னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காக. அங்க சம்பாதிச்சதெல்லாம் போச்சு, அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. வாசல் தாண்டி ஒருநாள் வெளிய வரல."

அவர் போனதும் நவநீதகிருஷ்ணன் டிராயரைத் திறந்து நெட்டையனைக் கையில் எடுத்தார். இவனையே தொந்தியாராக்கிவிட்டால் என்ன? 'நீ அவர எடுத்துட்டே போகல, இங்கதான் கிடந்தாரு' என்று சாதித்துவிடலாம்.

மறுநாள் மதியம் கடையின் பின்கட்டில் வேலை தொடங்கியது. குழாய் ஒழுக்கை அடைக்கிற எம்-சீல் இரண்டு பாக்கெட், ஆக்சா பிளேடு, நகைப் பட்டறையில் இரவல் வாங்கிய பொடி அரம், நாலைந்து ஊக்கு. மாதிரிக்கு ஒரே ஒரு போட்டோ. அதிலும் தொந்தியார் காசிமின் முழங்கைக்குப் பின்னால் பாதிதான் தெரிந்தார்.

முதலில் முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டை அறுத்தெடுத்து, ஊக்குக் கம்பியைச் செருகி, மிச்சத்தை இணைத்தார். ஓங்கியிருந்த வாளை நறுக்கிவிட்டு, கையை வளைத்து இறக்கினார். குண்டூசியில் பசையை உருட்டித் தொலைநோக்கி செய்தார். வயிறுதான் படாத பாடு படுத்தியது. முதலில் வைத்த தொந்தியைக் கனகலட்சுமி உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, இவருக்கு எத்தன மாசம்?"

இறுகுவதற்குள் சுரண்டி எடுத்து, பெல்ட்டுக்கு மேலே சரிந்து விழுகிற மாதிரி மறுபடி வைத்தார். அதைவிடக் கஷ்டம் முகம். நெட்டையனின் கூர்மையான மூக்கை அரம் போட்டு மழுக்க வேண்டியிருந்தது. நல்ல முகத்தைக் கெடுத்தால்தான் அந்தப் பழைய முகம் வரும். பெயிண்ட் அடித்ததும் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. விளக்குக் கரியைத் தொட்டுத் துடைத்து மங்க வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரக்கத் நிஷா கதவை அகலத் திறந்துவிட்டார். காசிம் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"ஏலே, நீ இவர எடுத்துட்டே போகல. எங்கிட்டதான் கிடந்தாரு. நேத்துத்தான் பாத்தேன்."

காசிம் பொம்மையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தலைகீழாகத் திருப்பினார். அடிப்பலகையில் அவர் எப்போதோ ஊசியால் கீறிய 'கா' என்ற எழுத்து இருந்தது.

"ஏலே, இது என் நெட்டையன்லே! கால எங்கடா?"

"டிராயர்ல இருக்கு" என்று நவநீதகிருஷ்ணன் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

காசிமுக்குச் சிரிப்பு வந்தது. கட்டில் ஆடச் சிரித்தவர், சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தார்.

"தொலைக்கலலே. அவர வித்துட்டேன். ரெண்டு நாளா தண்ணி இல்ல. ஒரு லாரி டிரைவரு என் சட்டப்பையில இவரப் பாத்துட்டு, இதக் குடு, ஒரு கேன் தண்ணி தாரேன்னான். குடுத்துட்டேன். பதினோரு பேரு குடிச்சோம்."

நவநீதகிருஷ்ணனும் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பதினோரு பேரா?"

"ம்."

"என் படைக்குத் தலைவரா இருந்த ஏழு வருசத்துல ஒரு சண்ட கூட செயிக்கலையேலே அந்த ஆளு! அங்க போயி பதினோரு உசிரக் காப்பாத்தியிருக்காரு. நீ என்னமோ தப்புப் பண்ணுன மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க."

காசிம் கைலி நுனியால் முகத்தைத் துடைத்தார். பொம்மையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூக்கு இம்புட்டு நீளம் கிடையாது. தொப்பி எடப்பக்கம் சாயும்."

"வலப்பக்கம்லே."

"ஒரு வருசம் என் சட்டப்பையில இருந்தவரு, எனக்குத் தெரியாதா? அரம் எங்க இருக்கு?"

"கடையில."

காசிம் எழுந்து சட்டை போட்டார், செருப்பைத் தேடினார். பரக்கத் நிஷா கட்டிலுக்கு அடியிலிருந்து அதை எடுத்து வைத்தார். மூன்று வாரத்தில் அன்றுதான் அதற்கு வேலை.

இருவரும் பஜார் வழியாக நடந்தார்கள். எதிரே வந்த மளிகைக் கடை வெள்ளத்துரை சைக்கிளை நிறுத்தினார்.

"காசிம் பாய், எப்ப வந்தீக?"

காசிம் நண்பரை ஒருமுறை பார்த்தார்.

"இப்பத்தான் வாரேன்" என்றார்.