பதியாத விரல்கள்

இலக்கியாவின் படங்களை அனுப்பிய எண், கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைக்கும் கண்ணாத்தாள் என்பவரின் பெயரில் இருந்தது. புதுக்கோட்டை சைபர் கிரைம் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் செல்வராணி இதைச் சொல்லிவிட்டுக் கோப்பை மூடினார்.

"நேர்ல போய் விசாரிச்சாச்சு. அந்தம்மாவுக்கு வாட்ஸ்அப்னா என்னன்னே தெரியல. யாரோ அவங்க பேர்ல சிம் எடுத்து வித்திருக்காங்க. படத்த அனுப்புனவன் எந்த நாட்டுல உக்காந்திருக்கானோ."

கவியரசன் தலையாட்டினான்.

இலக்கியா அவன் மனைவி. திருமயத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை என்று வந்த விளம்பரத்தை நம்பி ஒரு செயலியை இறக்கினாள். கேட்ட அனுமதியையெல்லாம் கொடுத்தாள். அது அவள் போனிலிருந்த படங்களையும் எண்களையும் அள்ளிக்கொண்டு போனது. பிறகு மிரட்டல் வந்தது. பணம் கட்டினாள். மறுபடி கேட்டார்கள். இல்லை என்றதும் அவள் முகத்தை யாருடைய உடம்பிலோ ஒட்டி, அவள் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கெல்லாம் அனுப்பினார்கள். கவியரசன் அன்று அறந்தாங்கிப் பக்கம் இருந்தான். விதைக் கம்பெனி வேலை. பகலெல்லாம் பைக்கில் சுற்ற வேண்டும். அவன் வந்து சேர்ந்தபோது ஊர் கிணற்றைச் சுற்றி நின்றது.

அவன் அழவில்லை. காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனான். போட்டதைச் சாப்பிட்டான். உள்ளே ஒன்றே ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. அதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. எந்த நாட்டிலோ இருப்பவனுக்கு முகம் இல்லை. சிம் விற்றவனுக்கு இருக்கும்.

மறுநாள் கண்ணாத்தாளைத் தேடிப் போனான்.

தகரக் கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வறுத்த முந்திரியைக் கட்டையால் தட்டிப் பருப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். புகை கண்ணைக் கரித்தது. கண்ணாத்தாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டையைக் கீழே வைக்காமலே பேசினார்.

"அன்னிக்கிப் போலீசு வந்துச்சு. இன்னிக்கி நீ வந்திருக்க. நான் என்ன ராக்கெட்டா விட்டேன்?"

"சிம் எங்கக்கா வாங்குனீங்க?"

"இங்கிட்டுத்தான், ரோட்டோரம். கொடையப் போட்டு ஒக்காந்திருந்தான். சிம்மு வாங்குனா எவர்சில்வர் கிண்ணம்னான். இவளுக பூராம் வாங்குனாளுக."

"கைரேகை எத்தன தடவ வச்சீங்க?"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. கண்ணாத்தாள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். முந்திரித் தோலின் எண்ணெய் தின்று, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருத்து வழவழவென்று இருந்தன. ரேகை என்று ஒன்றும் இல்லை.

"இத வச்சுக்கிட்டு எண்ணவா முடியும்? ரேசன் கடையில பதியாது, பேங்குல பதியாது. வையி, தொட, வையி, தொடன்னு பாதி நாளு போயிரும். அந்தப் பையன் தங்கமான பையன். மத்தவனுக மாதிரி மூஞ்சியச் சுளிக்கல. ஈரத்துணிய வச்சு ஒவ்வொரு வெரலாத் தொடச்சு அழுத்துனான். மோதிர வெரலு பதிஞ்சிருச்சு. அப்பறமும் பதியல பதியலன்னு வச்சுக்கிட்டே இருந்தான் பாவம்."

கவியரசனுக்கு விளங்கியது. மோதிர விரல் முதல் தடவையே பதிந்திருக்கிறது. பிறகு பதியவில்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு சிம். வேறு எந்த ஊரிலாவது யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். இந்தக் கொட்டகையில் விரல் பதியாததுதான் வழக்கம்.

"பையன் பேரு?"

"விக்ரமு. கந்தர்வக்கோட்டையில செல்போன் கடை வச்சிருக்கான். கல்யாணம் வச்சிருக்கான். எங்களுக்கெல்லாம் பத்திரிக்க குடுத்துட்டுப் போனான்."

கவியரசன் விஷயத்தைச் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். கட்டைச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பிறகு அவன் குனிந்து, கீழே கிடந்த முந்திரி ஓடு ஒன்றை எடுத்துத் தன் கட்டைவிரலில் அழுத்தித் தேய்த்தான். சுரீரென்று எரிந்தது.

"வெந்து போகும்ப்பா" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

கண்ணாத்தாள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவன் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்புடி இல்ல. ஆள்காட்டி வெரலையும் தேய்க்கணும். அப்பத்தான் நம்ம ஆளுன்னு நெனப்பான்." வேறொரு ஓட்டை எடுத்து அவரே தேய்த்துவிட்டார்.

தோல் உரிந்து கருத்த பிறகு, கைலி கட்டிக்கொண்டு கவியரசன் விக்ரமின் கடைக்குப் போனான். விக்ரமுக்கு அவனைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். நெற்றியில் விபூதி, பணிவான பேச்சு.

"முந்திரி வேலையாண்ணே? குடுங்க கைய." ஈரத்துணியால் துடைத்தான். கட்டைவிரல் பதியவில்லை. மோதிர விரலை வைத்ததும் மெஷினில் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. "பதியலண்ணே. இன்னொரு தடவ வைங்க."

வைத்தான். எதிரே இருந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டான்.

ஒருவர் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று காட்டும் அரசு இணையதளம் அவன் பெயரில் அவனுக்குத் தெரியாத எண் ஒன்று இருப்பதாகச் சொன்னது; பாதி இலக்கங்களை மறைத்திருந்தது. செல்வராணி சிம் கம்பெனியில் கேட்டு முழு எண்ணையும் வாங்கினார்.

"இத மட்டும் வச்சு அவனக் கூப்பிட்டா, மெஷின் கோளாறு மேடம்பான். வக்கீல் வந்து கூட்டிட்டுப் போயிருவார். யார்கிட்ட வித்தான்னு அவனே வாயத் தொறக்கணும். நான் பாத்துக்கறேன். நீங்க மொதல்ல அந்த நம்பர பிளாக் பண்ணுங்க. ஒங்க பேர்ல இருக்கு, யாருக்காவது ஏதாவது ஆனா ஒங்க தலையிலதான் விடியும்."

"பண்ணிடறேன் மேடம்."

பண்ணவில்லை. அந்த எண்ணைத் தன் போனில் சேமித்துவைத்து, காலையும் மாலையும் வாட்ஸ்அப்பில் திறந்து பார்த்தான். வெறும் சாம்பல் வட்டம். ஒரு நாள் அங்கே படம் வந்தது. மடிக்கணினி முன்னால் சிரிக்கும் ஒரு பெண். கீழே, வீட்டிலிருந்தே வேலை. இலக்கியாவுக்கு வந்த அதே விளம்பரம்.

அவன் பழைய போன் ஒன்றை வாங்கினான். விக்ரம் கொடுத்த சிம்மை அதில் போட்டான். கந்தர்வக்கோட்டை முக்கத்தில் விக்ரமின் கல்யாண ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுக் கைகட்டி நின்றான். பக்கத்தில் மணப்பெண் பரிமளா, பச்சைப் பட்டில், கேமராவைப் பார்க்கக் கூச்சப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் இருவரையும் தனித்தனியாகப் படமெடுத்தான். கண்ணாத்தாளிடம் இருந்த பத்திரிகையில் இரண்டு வீட்டு எண்களும் தாய்மாமன்கள் எண்களும் இருந்தன. ஃபிளெக்ஸில் மாப்பிள்ளைத் தோழர்களின் எண்கள் இருந்தன. எல்லாவற்றையும் பழைய போனில் ஏற்றினான். விக்ரமின் படத்தையும் ஏற்றினான்.

பரிமளாவின் படத்தில் விரல் கொஞ்சம் நின்றது. அதைத் தன் சொந்தப் போனிலேயே வைத்துக்கொண்டான்.

பிறகு பழைய போனில் அந்த எண்ணுக்கு, வேலை வேண்டும் என்று எழுதினான். பெயர் விக்ரம் என்றான். உடனே செயலி வந்தது. கேட்ட அனுமதியையெல்லாம் கொடுத்தான்.

மிரட்டல் வந்தபோது பதில் எழுதவில்லை. கடைசி எச்சரிக்கைக்கும் எழுதவில்லை. அது வந்த மறுநாள் காலையில் விக்ரமின் கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தான்.

கடை வாசலில் விக்ரமின் கூட்டாளிகள் நான்கைந்து பேர் போனை வைத்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். கவியரசன் காத்திருந்தான். அவர்கள் நிமிர்ந்தபோது சிரித்தார்கள்.

"மாப்ள, ஒடம்பு நல்லாத்தாண்டா இருக்கு. எந்த ஜிம்மு?"

"டேய், தாய்மாமன் ஸ்டேட்டஸ்ல வச்சிருக்காராம்டா."

"போங்கடா வெண்ணெய்களா" என்றான் விக்ரம். அவனுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான். "மாமா, எவனோ ஃபிராடு பண்ணியிருக்கான் மாமா. அது நானில்ல."

"தெரியாதா மாப்ள? தெனம் டிவியில காட்டுறானே. பரிமளா கூடப் பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டுக் கெடக்கு. விடுங்க, பந்தலுக்கு ஆள் வந்துருச்சா?"

கவியரசன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான். இலக்கியாவின் படத்தைப் பார்த்த யாருக்கும் டிவி ஞாபகம் வரவில்லை. பள்ளியில் கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பெற்றோர் குழுவிலிருந்து அவளை நீக்கினார்கள். அவளுடைய சொந்த அண்ணனே, இதெல்லாம் எப்போது எடுத்தது என்று கேட்டான். ஆம்பளைக்கு இது ஒரு பகல் சிரிப்பு. மாலையில் மறந்துவிடுவார்கள்.

கூட்டாளிகள் கலையும்வரை இருந்துவிட்டுக் கடைக்குள் போனான்.

"வாங்கண்ணே" என்றான் விக்ரம். அந்தக் கருத்த கை அவனுக்கு ஞாபகம் இருந்தது. "சிம்மு வேல செய்யலையா?"

"ரெண்டும் நல்லா வேல செய்யுது."

விக்ரமின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

கவியரசன் பழைய போனை மேசையில் வைத்தான். "ஒன் படத்த அனுப்புன நம்பர் யாரு பேர்ல இருக்கு தெரியுமா? என் பேர்ல. நீ எடுத்த நம்பர்தான். நீ யாருக்கு வித்தியோ அவன் இப்ப அத ஒன் வீட்டுக்கே திருப்பிக் குடுத்திருக்கான்." தன் போனை எடுத்துப் பரிமளாவின் படத்தைக் காட்டினான். "இது இன்னும் என் போன்லதான் இருக்கு. இங்கேருந்து அந்தப் போனுக்கு மாத்துனாப் போதும். மீதிய அவங்க பாத்துக்குவாங்க. ஒன்னப் பாத்துச் சிரிச்சவங்க இதப் பாத்துச் சிரிக்க மாட்டாங்க."

"அண்ணே, அந்தப் புள்ள என்னண்ணே பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. இலக்கியாவும் ஒண்ணும் பண்ணல."

"யாருண்ணே இலக்கியா?"

கவியரசன் அவனைப் பார்த்தான். விக்ரம் நடிக்கவில்லை. அந்தப் பெயரை அவன் கேள்விப்பட்டதே இல்லை. எரிந்து கருத்த விரல்களைக் கவியரசன் மேசையில் ஊன்றிக்கொண்டான். மெதுவாக, பெயரையும் ஊரையும் கிணற்றையும் சொன்னான்.

விக்ரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "சத்தியமாத் தெரியாதுண்ணே. நான் சிம்மு மட்டும்தான் குடுத்தேன். திருச்சியில ஒரு ஆளு மொத்தமா வாங்கிக்குவாரு. அவரு யாருக்குக் குடுக்குறாருன்னு நான் கேட்டதே இல்ல."

"அத இங்க சொல்லாத. ஸ்டேசன்ல சொல்லு."

"கல்யாணம்ணே. அடுத்த வாரம்."

"தெரியும். ஃபிளெக்ஸ் பாத்தேன்."

விக்ரம் கைகூப்பினான். கடையைத் தருகிறேன் என்றான். காலில் விழ எழுந்தான். கவியரசன் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பரிமளா கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்த படத்தைத் தேர்ந்தெடுத்தான். அனுப்பு என்ற சொல் திரையில் வந்தது. கருத்த விரலைத் திரைக்கு ஒரு நூல் மேலே பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

விக்ரம் ஷட்டரை இழுத்துப் பூட்டினான்.

புதுக்கோட்டைக்குக் கவியரசனின் பைக்கிலேயே போனார்கள். ஆதனக்கோட்டை தாண்டியதும் விக்ரம் முன்னால் குனிந்தான். ஒரு கை கவியரசனின் தோளில் இருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? நான் வரலைன்னா நெசமாவே அனுப்பியிருப்பீங்களா?"

"அனுப்பியிருப்பேன்."

தோளிலிருந்து கை விலகியது. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டான் விக்ரம்.

காவல் நிலையத்தில் விக்ரம் தானாகவே எல்லாவற்றையும் சொன்னான். கண்ணாத்தாளின் கொட்டகையைச் சொன்னான், மோதிர விரலைச் சொன்னான், மற்ற ஊர்களையும் சொன்னான். செல்வராணி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கவியரசனிடம் இரண்டு போன்களையும் வாங்கிப் பார்த்தார். ஒரு படத்தில் அவர் விரல் நின்றது.

"யாரு இந்தப் பொண்ணு?"

"அவன் கட்டிக்கப் போற பொண்ணு."

"ஒங்க போன்ல எதுக்கு இருக்கு?"

கவியரசன் அதையும் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. எண்ணை ஏன் பிளாக் செய்யவில்லை என்பதையும் சொன்னான்.

செல்வராணி நாற்காலியில் சாய்ந்தார். "அந்த நம்பர் ஓடிக்கிட்டிருந்த இத்தன நாள்ல வேற எந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சோ. நீங்க பண்ணுனதுக்கும் கேஸ் இருக்கு, தெரியுமா?"

"தெரியும்."

"நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க மேடம்" என்றான் கவியரசன். விக்ரமின் பக்கம் கையைக் காட்டினான். "மொதல்ல அந்தத் திருச்சி ஆளு பேர எழுதுங்க."