அழும் யானையும் கறிபாப் கணக்கும்

பக்கிரிசாமி கடைசியாகப் போட்டது கறிபாப் கணக்கு. கிள்ளான் நகரத்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் மடிக்கணினி, மறுபக்கம் மனைவி வள்ளியம்மா உருளைக்கிழங்கு மசாலாவை மாவில் மடித்து அப்போதுதான் பொரித்து வைத்த கறிபாப் தட்டு. பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் நிலையத்தில் பிள்ளைகள் கணினியில் எழுதும் சோதனைக்குக் கேள்வி தயாரிப்பது, ஓய்வுபெற்ற அந்த வாத்தியாரின் வேலை. கண்ணில் படுவதெல்லாம் கேள்வியாகிவிடும்.

"வள்ளி, மொத்தம் எத்தனை பொரிச்ச?"

"இருபத்தஞ்சு. பக்கத்து வீட்டு ஆன்டிக்கு எட்டு, குப்பை லோரிக்காரங்களுக்கு நாலு குடுத்தாச்சு. நீங்க குளிக்காம தட்டுல கை வைக்காதீங்க."

"நான் எங்க கை வெச்சேன்?" என்றார். தட்டில் மீதம் எத்தனை என்று கேள்வியை முடித்தார், தட்டை ஒரு பார்வை பார்த்தார், விடையைத் தட்டினார், அனுப்பிவிட்டார்.

"அப்ப மீசையில என்னவாம்?"

"நரை லா."

அன்று மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகும் சனிக்கிழமை தோறும் வள்ளியம்மா ஒரு தாலம் கறிபாப்போடு டியூஷன் நிலையத்துக்குப் போய்வந்தாள். வீட்டில் தனியாக ஒரு சனிக்கிழமையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படிப் போயிருந்த ஒரு நாள், மேரு என்ற ஊரில் லோரி கம்பெனி வைத்திருக்கும் கார்த்திகேசு உள்ளே வந்து கத்திக்கொண்டிருந்தார். அவர் மகள் மாதவிக்கு ஒரே ஒரு மார்க் போய்விட்டதாம். கறிபாப் கேள்வியில்.

"பதிமூணுதானே வரும்? இந்தக் கம்ப்யூட்டர் பன்னெண்டுங்குது!"

நிலையத்தை நடத்தும் ஷாமினி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "விடை தப்புதான் அங்கிள். கேள்வியையே அழிச்சிடறேன்."

வள்ளியம்மா தாலத்தை மேசையில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள். கணவர் கடைசியாகத் தொட்ட கணக்கு அது ஒன்றுதான்.

"அழிச்சிடாதம்மா. அவரு கணக்குல தப்பு பண்ண மாட்டாரு."

"அப்ப நான் தப்பாக்கா?" கார்த்திகேசு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கணினியில் பதிமூன்று என்று அடித்தார். திரையில் ஒரு யானை வந்து தும்பிக்கையால் கண்ணைக் கசக்கி அழுதது. தப்பான விடைக்கென்று பக்கிரிசாமி ஆசையாகத் தேர்ந்தெடுத்த யானை. மறுபடி அடித்தார். மறுபடி அழுதது.

"நீ ஏன்டா அழுவுற? பிள்ளையப் பெத்தவன் நான், நான்தான் அழுவணும்!"

பொறுக்க முடியாமல் வள்ளியம்மாவின் தாலத்தையே இழுத்து, இருபத்தைந்து கறிபாப்பை எண்ணி மேசையில் பரப்பினார். "இது எட்டு, ஆன்டிக்கு. இது நாலு, லோரிக்கு. மிச்சத்த அந்த யானையே வந்து எண்ணட்டும்!" என்று தொடங்கியவர், கம்ப்யூட்டரை நம்பி நாசமாய்ப்போகும் உலகத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசி முடித்துவிட்டு, "நீயே எண்ணிப் பாரும்மா" என்றார்.

ஷாமினி எண்ணினாள். இன்னொரு முறையும் எண்ணினாள்.

"பன்னெண்டுதான் இருக்கு. அங்கிள், ஒன்ன சாப்பிட்டீங்களா?"

"நான் எங்க சாப்பிட்டேன்?" என்றார் கார்த்திகேசு, வாய் நிறைய உருளைக்கிழங்கோடு. விசைப்பலகை எல்லாம் பொருக்கு.

வள்ளியம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கணவர் போன பிறகு வந்த முதல் சிரிப்பு. எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்து அடைத்தாள்.

"அவரும் இதத்தான் சொன்னாரு! மனுஷன் கழிச்சுப் பாக்கல, தட்டப் பாத்து எண்ணியிருக்காரு. என்கிட்ட பொய் சொல்லிட்டு கம்ப்யூட்டர்கிட்ட உண்மையச் சொல்லியிருக்காரு பாருங்க!"

யானையைத் திட்டியவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே, "மாதவி மார்க்கு?" என்றார்.

"போட்டுடறேன் அங்கிள்." ஷாமினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விடைய பதிமூணுன்னு மாத்திடவா ஆன்டி?"

"விடையத் தொடாத. கேள்வியில ஒரு வரி சேரு."

இப்போது அந்தக் கேள்வியில் கூடுதலாக ஒரு வரி இருக்கிறது: 'கணவர் குளிக்காமல் வந்து ஒன்றைத் தின்றுவிட்டார்.' தட்டில் மீதம் எத்தனை?

விடை பன்னிரண்டுதான்.