எதிர்த்தரப்பு டார்லின்

...கேட்கவே இல்லையே, அந்த ஒரு கேள்வியை மட்டும் கோர்ட்டில் அந்த வக்கீல் கேட்கவே இல்லையே என்று டார்லின் நினைத்துக்கொண்டிருந்தபோது பஸ் அம்பாசமுத்திரத்தை விட்டு ஆற்றுப் பாலத்தில் ஏறியிருந்தது, ஜன்னல் வழியே சாரல் காற்று, கீழே தண்ணீர் போவதே தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது, பக்கத்தில் முத்துமாலையக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறாள், தூக்கமா, தெரியவில்லை, சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கியவர்களுக்கு இப்படித்தான் தூக்கம் வருமோ... எதிர்த்தரப்பு வக்கீல் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டார், கல்யாணம் எந்த வருஷம், என்ன நகை போட்டார்கள், நிலத் தீர்வை ரசீது யார் பேரில் இருக்கிறது, அவ்வளவுதான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின் பெஞ்சில் டார்லின் மட்டும் காத்திருந்தாள், அடுத்து அது வரும், இதோ வரும் என்று. ஏனென்றால் அது அவளுடைய கேள்வி.

கோடை விடுமுறையில் இந்த வேலைக்கு வருவோம் என்று அவள் நினைக்கவேயில்லை. சென்னையில் இருக்கிற பெரிய வக்கீல் அலுவலகங்களுக்கெல்லாம் மெயில் போட்டாள், ஒன்றிலிருந்தும் பதில் இல்லை, சட்டக் கல்லூரியில் கூடப் படிக்கும் ஸ்ரீராகவுக்கு மட்டும் அவன் மாமா மூலம் கிடைத்துவிட்டது, கண்ணாடிச் சுவர், கழுத்தில் அடையாள அட்டை, தினமும் ஒரு போட்டோ... அம்மாதான் ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது கோயில் வாசலில் வக்கீல் பாக்கியசீலனை நிறுத்தி, "பிள்ள லீவுல சும்மாதான் இருக்கா சார், உங்க ஆபீஸ்ல ஒரு ஓரமா உக்காரட்டுமே" என்றாள். ஓரமாகவா? அந்தச் சொல்லுக்காக அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஓரமாகத்தான் உட்கார்ந்தாள், மே மாதம் முழுக்க சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, பாளையங்கோட்டை வெயில் ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருக்க, பழைய வழக்குக் கட்டுகளை வாசித்து வாசித்து அவற்றின் மேலேயே தலை சாய்ந்து, யாருடைய கிணற்றிலோ யாருடைய வரப்பிலோ கனவில் நடந்துகொண்டிருந்தாள். ஜூனில் கோர்ட் திறந்தது. முத்துமாலையக்கா வந்தாள், சேரன்மகாதேவியில் வாழ்க்கைப்பட்டவள், செத்துப்போன அப்பாவின் வயலில் பங்கு கேட்டு இரண்டு அண்ணன்கள் மேல் வழக்குப் போட்டிருப்பவள், அவளை எதிரே உட்கார வைத்துவிட்டு சார் சொன்னார், "டார்லின், இனி நீதான் எதிர்த்தரப்பு வக்கீல். இரக்கம் பாக்காமக் கேளு. கோர்ட்டுல போய் முழிக்கதுக்கு இங்கனயே முழிச்சிரட்டும்."

கேட்டாள். முதல் நாள் நாக்கு குழறியது, மறுநாள் இல்லை, கேட்கக் கேட்கக் குரல் தானாகவே தாழ்ந்து கூர்மையாகி வேறு யாருடையதோ போல ஆயிற்று, யாருடைய குரல் அது, இத்தனை நாள் எங்கே இருந்தது... "நிலம் வேணும்னு இப்ப வந்து நிக்கீங்களே, உங்க அப்பா சாகக் கிடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவளே யோசித்தது. அக்கா மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். சார் மட்டும், "பிரமாதம், இதுதான் குறுக்கு விசாரணை, இதுக்கு ஒரு பதில் யோசிச்சுட்டு வாங்கம்மா" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தபோது கால் தரையில் பாவவில்லை. சந்தோஷம்தானே அது? சந்தோஷம்தான்...

கல்லிடைக்குறிச்சி போய்விட்டதா, இது வீரவநல்லூரா, நாற்றங்காலின் இளம்பச்சை கண்ணில் ஒட்டிக்கொண்டு ஊர் மாறியும் போகமாட்டேன் என்கிறது. முத்துமாலையக்கா கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"அந்தக் கேள்விய அவரு கேக்கவே இல்லியே, பிள்ள."

"ஆமாக்கா. நல்லதுதான."

"நல்லதா... நான் பதில் வச்சிருந்தேன்லா."

குரலில் ஏமாற்றமா அது? கேட்கக்கூடாது, வழக்கில் இனி இதற்கு இடமில்லை, சாட்சியம் முடிந்தது, இருந்தாலும் வாய் கேட்டுவிட்டது, "எங்கிட்ட சொல்லுங்கக்கா."

"அன்னைக்கு அப்பாவப் பாக்க வந்து, அம்பை பஸ் ஸ்டாண்டுல இருந்தேன். இப்ப நாம ஏறுனோம்லா, அங்கனதான். அங்க இருந்து நான் பொறந்த ஊரு நடக்குற தூரந்தான். பஸ்ஸ விட்டு இறங்குதேன், அப்பா போன் பண்ணுதாவ. நீ வராத, வந்தா அண்ணன்மாரு சண்டை போடுவானுவ, நான் நிம்மதியாப் போயிக்கிடுதேன்னாவ. அங்கனயே உக்காந்துட்டேன். பொழுது அடையப்போ சித்தப்பா பேசுனாவ, முடிஞ்சிட்டு, வான்னு."

டார்லின் எத்தனை கேள்விகள் கேட்டிருக்கிறாள், ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று வருமே, இப்போது ஜன்னலில் வயல் மட்டும்தான் வருகிறது, அந்தப் பஸ் ஸ்டாண்டில் மடியில் போனை வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், பஸ்கள் வருகின்றன, போகின்றன, ஊர்ப் பெயரைக் கூவுகிறார்கள், அவள் எழுந்திருக்கவில்லை... சார்கிட்ட சொல்லவா? அக்காவே, "வக்கீலய்யாகிட்ட சொல்லிராத, கோர்ட்டுக்கு இது வேண்டாம்" என்றாள், பிறகு சேரன்மகாதேவி வந்துவிட்டது, பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இறங்கியவள் போகவில்லை. ஜன்னலுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"வராதன்னு சொன்னாவள்லா... வான்னுதான் அப்படிச் சொன்னாவளோ? அன்னைக்கு இருந்து இதுதான் ஓடிக்கிட்டு இருக்கு. அவ்வளவு கேட்டியே, இதுக்கு நீ சொல்லு. நீ என்ன நெனைக்கே?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் அசைந்தது. டார்லின் வேகமாகத் தலையை ஆட்டினாள். முத்துமாலையக்கா அதைப் பார்த்துவிட்டாள், பார்த்துத் தானும் ஒருமுறை தலையை ஆட்டிக்கொண்டாள், பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள், நடையில் ஒரு முடிவு இருந்தது, எந்த முடிவு... வேகமெடுத்த காற்று கண்ணில் நீரை வரவழைக்கிறது, நான் எதற்குத் தலையாட்டினேன், அக்காவின் அப்பா வரச் சொன்னார் என்றா, வேண்டாம் என்றுதான் சொன்னார் என்றா, அவள் எதை எடுத்துக்கொண்டு போகிறாள்... டார்லின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள். பஸ் திருப்பத்தில் திரும்பிவிட்டிருந்தது.