டொனால்ட் பார்த்த மயில் உள்ளான்

பறவை பார்க்கும் குழுவின் பட்டியலில் ஒரு பறவை ஏற வேண்டுமென்றால் இரண்டு பேர் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்தால் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி விழும். அந்தச் சட்டத்தைப் போட்டவர் டொனால்ட். அதில் வசமாக மாட்டிக்கொண்டவரும் அவரேதான்.

கோலா சாவா பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சதுப்புநிலக் காப்பிடத்தில் அவர் மயில் உள்ளான் ஒன்றைப் பார்த்தார். பத்து வருடமாக அங்கே யார் கண்ணிலும் படாத பறவை. மனைவி பமீலா பக்கத்தில்தான் நின்றாள். ஆனால் ஃபோனில் ஜன்னல் திரைக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வதற்குள் பறவை கோரைப்புல்லுக்குள் போய்விட்டது.

"பாத்தியா பமீ?"

"இல்லலா. எங்க?"

மனிதர் திட்டவில்லை. பொய் சொல்லச் சொல்லவும் இல்லை. காரை எடுக்கும் முன் குழுவில் செய்தி போட்டு, தன் கையாலேயே கேள்விக்குறியும் போட்டார். நான்காம் நாள் காலையில் பல் துலக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்தார். மாரடைப்பு என்றார்கள்.

பமீலா அழவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்தும் அழவில்லை. வந்தவர்கள் "அழுதுடும்மா" என்று மருந்து குடிக்கச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மீகூனைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். குழுவில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்தன. அவற்றுக்கு அடியிலேயே, பொரி உள்ளான் பன்னிரண்டு என்று யாரோ போட்டிருந்தார்கள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

வியாழக்கிழமை சத்தியசீலன் கூப்பிட்டார். பட்டியலை வைத்திருப்பவர் அவர்தான்.

"ஞாயித்துக்கிழமை லிஸ்ட அச்சுக்கு அனுப்புறோம் பமீலா. கேள்விக்குறி இருக்கறத எல்லாம் எடுத்துருவோம். டொனால்டோடதும் போயிரும். நீங்கதான் கூட இருந்தீங்களே, நானும் பாத்தேன்னு ஒரு வார்த்தை போடுங்க. யாரு கேக்கப் போறா?"

"நான் பாக்கலயே சார்."

"அவருக்காகலா."

"அவருக்குத் தெரியுமே சார், நான் பாக்கலன்னு."

வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு, தானே காரை ஓட்டிக்கொண்டு காப்பிடத்துக்குப் போனாள். நெடுங்கால் உள்ளான் ஆறு நின்றன. மற்றபடி சேறுதான். சனிக்கிழமையும் விடிந்ததும் போய், அவர் நின்ற அதே பலகைப் பாதையில், அவருடைய தொலைநோக்கியோடு நின்றாள். இந்த முறை ஃபோனைப் பைக்குள் போட்டு ஜிப்பையும் இழுத்துவிட்டாள்.

எட்டரை மணிக்குக் கோரைப்புல் அசைந்தது. சிவந்த கழுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை. ஓர் அடி வைத்து, உடம்பைக் குலுக்கி, மறு அடி வைத்தது. அதேதான். அவள் நன்றாகப் பார்த்தாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. துக்கமாவது வரும் என்று நின்றாள், அதற்கும் வழியில்லை. பறவை புழுவைத் தின்றுவிட்டு உள்ளே போயிற்று.

ஃபோனை எடுத்துக் குழுவில் எழுதினாள்: மயில் உள்ளான், ஒன்று. பார்த்தவர்கள் இரண்டு பேர். டொனால்ட், ஜூன் 14. பமீலா, ஜூலை 26.

சத்தியசீலனின் பதில் உடனே வந்தது. "ரெண்டு பேரும் ஒரே நாள் பாக்கணும்னு சட்டத்துல இல்ல. கேள்விக்குறிய எடுத்தாச்சு."

அதன் கீழே மறுபடியும் கைகூப்பும் படங்கள் வரத் தொடங்கின. பமீலா காருக்குத் திரும்பினாள். கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"லிஸ்ட்ல ஏறிருச்சுலா. போலாம்," என்றாள்.

கார் கிளம்பவில்லை. இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்த இடது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாவி அவள் கையில்தான் இருந்தது.