வேடியப்பன் வெடி வைத்தான்

கோமுகி அணையில் அறுபத்திரண்டு வால்ரஸ்கள் குடியிருந்தன. வடதுருவத்துப் பனிக்கடலில் இருக்க வேண்டிய பிராணிகள். ஒரு ஐப்பசி மழையில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில், அவை கரைச் சரிவில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து படுத்திருந்தன. கடலே இல்லாத மாவட்டத்துக்கு, அதுவும் மலைப்பக்கமிருந்து, கடல் பிராணி எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். கச்சிராயபாளையத்தில் யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் நடவு வேலை தலைக்கு மேல் கிடந்தது. டி.வி.யில் வால்ரஸ் என்றார்கள். ஊர் வாயில் அது வால்ராசு ஆயிற்று. செல்வராசு, கோவிந்தராசு மாதிரி அதுவும் ஓர் ஆள் பேராகிவிட்டதால், ஆணோ பெண்ணோ, எல்லா வால்ராசுக்கும் மரியாதை போட்டே பேசினார்கள். ‘வால்ராசு வெயில் காயுறாருங்க’ என்பார்கள். ஒரு டன் கனமுள்ள ஒருவரை வேறெப்படிச் சொல்வது!

அணைக் கரையில் காவலுக்குக் காலனியைச் சேர்ந்த வேடியப்பனை வைத்திருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது. கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர். விசிலும் மூங்கில் கழியும் கொடுத்து உட்கார வைத்ததில், மூன்று வருஷத்தில் வால்ராசுகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றாயிற்று. அவை மூக்குக்குக் கீழே இருக்கிற நானூறு முரட்டு மீசை முடிகளால் சேற்றைத் தடவி மட்டியைக் கண்டுபிடிக்கும். வாயால் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கலைக்கும். ஓட்டில் உதட்டை வைத்து ஒரே உறிஞ்சு, சதை உள்ளே, ஓடு வெளியே. கரை ஏறுவதற்குத் தந்தத்தைக் கடப்பாரை மாதிரி மண்ணில் ஊன்றும். தூக்கம் வந்தால் தொண்டைப் பையில் காற்றை நிரப்பிக்கொண்டு தண்ணீரிலேயே நின்றபடி தூங்கும். குளிர்ந்த நீரில் வெளுக்கும். வெயிலில் ரத்தம் தோலுக்கு ஏறி ரோஜா நிறமாகும். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்து, வால்ராசுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று சிரிப்பார்கள். தாய், குட்டிக்கு இரண்டு வருஷத்துக்கும் மேலே பால் கொடுக்கும், முதுகில் ஏற்றிக்கொண்டே நீந்தும், ஆயிரம் கூச்சலிலும் தன் குட்டியின் குரலைப் பிரித்துக் கேட்கும். அநாதைக் குட்டியைக் கண்டால் வேறொரு தாய் சேர்த்துக்கொள்வதும் உண்டு. இவ்வளவு பெரிய உடம்புக்குப் பயம் மட்டும் ஜாஸ்தி. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குப் பாயும். குட்டிகள் அடியில் மாட்டும். அதனால் அணைக்கு அரை மைலில் வெடியும் கூடாது, பேண்டு செட்டும் கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்து போர்டு வைத்திருந்தது.

தை மாசம் தங்கதுரையின் தங்கை விஜயலட்சுமி தன் சின்னப் பெண்ணுக்குக் காதுகுத்து வைத்தாள். குலதெய்வக் கோயில் அணைக்குக் கீழே இருந்தது. தாய்மாமன் சீர் இல்லாமல் காதுகுத்து ஏது? மூத்த பெண்ணுக்குத் தங்கதுரை இருபத்தோரு தட்டோடு லோடு ஆட்டோவில் போய் இறங்கியபோது, மாப்பிள்ளை வீட்டார் ‘மாமன் சத்தமில்லாம வந்துட்டாரே’ என்று சிரித்திருந்தார்கள். எட்டு ஏக்கர் கரும்புக்காரருக்கு அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. இந்த முறை நூற்றியொரு தட்டு, முந்நூறு பேர், பத்தாயிரம் வாலா சரவெடி.

கரை முனையில் வேடியப்பன் ஓடிவந்து குறுக்கே நின்றார். “வாணாங்க, குட்டிங்கல்லாம் கரையில கீது. கோயில் தாண்டி அந்தாண்ட வெச்சுக்குங்க.”

“டேய், ஓரமா போடா. தங்கச்சி வூட்டுக்குச் சீரு கொண்டாறேன், ஊமையாட்டமா வர்றது?” என்று சொல்லிவிட்டு, தங்கதுரை ஊதுவத்தியைத் தானே வாங்கித் திரியில் வைத்தார். முந்நூறு பேரும் பார்த்தார்கள். கைதட்டவும் செய்தார்கள்.

சரவெடி நாலு நிமிஷம் வெடித்தது. மொத்தக் கூட்டமும் தண்ணீரில் இறங்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. புகை விலகியபோது சரிவில் ஒரே ஒரு குட்டி மிச்சமிருந்தது, எட்டு மாசக் குட்டி, தட்டையாக. தாய் திரும்பி ஏறி வந்து அதை முன்துடுப்பில் அணைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போயிற்று. வேடியப்பன் சட்டையோடு பின்னால் இறங்கினார். காதுகுத்து குறித்த நேரத்தில் நடந்தது.

சாயங்காலம் விசாரணை. வால்ராசு பாதுகாப்புக் குழுவின் செயலாளர் ராஜாங்கம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வலது காது மந்தம். விசேஷத்துக்குக் கட்டிய மைக் செட்டையே வாங்கிக் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். யார் வெடி வைத்தது என்று கேட்டார். மைக்கை முதலில் சீர் கொண்டுவந்தவர் பக்கம் நீட்டினார். தங்கதுரை அதை வாங்கிக்கொண்டார். கரை முனைக்கு வரும் முன்பே, வால்ராசுகள் கரை ஏறும் முன்பே கொளுத்தியாயிற்று என்று மழுப்பிவிடலாம் என நினைத்து, மைக்கில் மென்று விழுங்கினார்: “வெடி அப்பவே வெச்சாச்சிங்க.” மைக் கீச்சிட்டது. ராஜாங்கம் இடது காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி உரக்கப் படித்தார். “வேடியப்பன் வெடி வைத்தான். சரிதானே?”

இங்கேதான் சொல்ல வாய் கூசுகிறது. தங்கதுரை ‘ம்’ என்றார். அது ஒரு எழுத்து. மற்ற முந்நூறு பேர் அந்த ஓர் எழுத்தைக்கூடச் செலவழிக்கவில்லை. வேடியப்பன் அங்கே இல்லை; செத்த குட்டியை விடாமல் வைத்துக்கொண்டிருந்த தாயின் பக்கத்தில், கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். இருட்டுவதற்குள் விசிலையும் கழியையும் வாங்கிக்கொண்டார்கள். இனி அவர் கரையில் கால் வைக்கக் கூடாது என்று எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். அவர் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். மறுநாள் மலைக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போய்விட்டார்.

தங்கதுரைக்குச் சோறு இறங்கவில்லை. யார் ‘வேடி’ என்று ஆரம்பித்தாலும் உடம்பு கூசிற்று. அழுகை வந்தால் வீட்டில் தெரியக் கூடாதென்று மோட்டார் கொட்டகைக்குப் போய், தொட்டித் தண்ணீருக்குள் தலையை விட்டு அழுவார். தண்ணீருக்குள் அழுதால் ஆள் குரல் குட்டி வால்ராசின் குரலாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. பதினாலாம் நாள் மத்தியானம் அவர் தலையைத் தூக்கியபோது, தொட்டி ஓரத்தில் இரண்டு தந்தங்கள் ஊன்றியிருந்தன. பாசன வாய்க்கால் வழியாக மூன்று கிலோமீட்டர் வந்திருந்தது அந்தத் தாய். தங்கதுரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். குத்திவிட்டால் நன்றாக இருக்கும் என்றுதான் நினைத்தார். அது குத்தவில்லை. நானூறு முடியாலும் அவர் நெற்றி, கன்னம், மோவாய் எல்லாம் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, முன்துடுப்பால் இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

அதன்பிறகு அவர் போகிற இடமெல்லாம் அது பின்னால் வந்தது. வீட்டு வாசலில் படுத்தது. அவர் உள்ளே போனால் குரல் கொடுத்தது. பால் கொடுக்க ஒருக்களித்துப் படுத்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். திருநாவலூர், ரிஷிவந்தியம் பக்கமிருந்தெல்லாம் ஜனங்கள் பஸ் ஏறி வந்து பார்த்தார்கள். குட்டியைப் பறிகொடுத்த தாய் தேடிவந்து சேர்ந்திருக்கிறதென்றால் இவர் எவ்வளவு புண்ணியவானாக இருக்க வேண்டும் என்று அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், அவர் காலிலும் விழுந்தார்கள். தங்கதுரை செத்துப் பிழைத்தார்.

அவர் மனைவி பச்சையம்மாள் மட்டும் ஒருநாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: “அதுக்கு நீங்க இன்னா பண்ணீங்கன்னு தெரியாது. அதான் வந்து படுத்துக்கினு கீது. எனக்குத் தெரியும். நான் எங்க போய்ப் படுக்கட்டும்?”

சுற்றுவட்டாரத்து மட்டி எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் வால்ராசு தொடவில்லை. புதுக் குட்டியை விட்டுவிட்டு அது தானாக மேயப் போவதாகவும் இல்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. தண்ணீரில் இறக்கினால்தான் பிழைக்கும், அதை இறக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மலைக்கு ஆள் அனுப்பினார்கள். போன வேகத்தில் பதில் வந்தது: “கரையில கால் வெக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சிக்கினு கூப்புட்டா எப்பிடிங்க? எழுதினத மொதல்ல அடிங்க.”

மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை மைக் இல்லை. ராஜாங்கம் அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சரி. அப்ப யாருன்னு எழுதறது?” என்று கேட்டார். பின்னால் தாய் வால்ராசு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நாலு நாள் தாங்கினால் அதிகம்.

“நான்தாங்க,” என்றார் தங்கதுரை. “நான்தான் வெச்சேன். அவுரு வாணாம்னு கெஞ்சினாரு. வேடியப்பண்ணன் கெஞ்சினாரு. நான்தான் வெச்சேன்.”

யாரும் திடுக்கிடவில்லை. அதுதான் பெரிய அசிங்கமாகப் போயிற்று. ராஜாங்கம் எழுதப் போனவர், எதிரே இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, “எல்லாருக்கும் தெரியுமாய்யா?” என்றார். தலை குனிந்தார்கள். அந்த நிமிஷத்தில் கூட்டத்தில் இருந்த முந்நூறு பேருக்கும் குதிகாலிலிருந்து ரத்தம் மேலேறி, தோல் வெயில்பட்ட வால்ராசின் நிறத்துக்கு மாறியது. கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று பேதமில்லை. குளித்தும் போகவில்லை, பவுடர் போட்டும் மறையவில்லை. மூன்று நாள் யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணி காட்டினார்கள். விஜயலட்சுமி புருஷன் வீட்டாருக்கு மட்டும் ஐந்து நாள் இருந்தது.

இரண்டாம் நாள் வேடியப்பன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஊர் நிறத்தைப் பார்த்தார். வால்ராசின் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, “குட்டி முதுவுல இல்லாம இது தண்ணியில எறங்காது. ஏறுங்க,” என்றார் தங்கதுரையிடம்.

“என்ன மன்னிச்சிடுங்கண்ணே.”

“அத அப்புறம் பாக்கலாம். மடிப்பக் கெட்டியாப் புடிங்க, வழுக்கும்.”

நாற்பத்தேழு வயசு தங்கதுரை, ஊர் மெயின் ரோடு வழியாக, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, வால்ராசு முதுகில் குப்புறப் படுத்துக்கொண்டு போனார். வேடியப்பன் திருப்பிக் கொடுத்த விசிலை அடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். தண்ணீரில் இறங்கியதும் அது நேராக மட்டிக்குப் போயிற்று. குட்டிக்கு நீந்தப் பழக இன்னும் ஒன்றரை வருஷமாவது ஆகும், அதுவரை தினம் வர வேண்டும், வரவில்லையென்றால் மறுபடி வாய்க்கால் ஏறிவிடும் என்றார் வேடியப்பன்.

தங்கதுரை தினமும் காலை ஆறு மணிக்குப் போகிறார். தாய் அடியில் மேய்கிற நேரத்தில், தொண்டைப் பை இல்லாத காரணத்தால், லாரி டியூபில் மிதக்கிறார். முதலில் செல்போனில் படம் பிடித்தார்கள். இப்போது கரை ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸில் யாரும் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. ஏழரைக்கு அது அவரைக் கரையில் கொண்டுவந்து விடும். தங்கதுரை நடுங்கிக்கொண்டே வந்து, தினமும் அதே கேள்வியைக் கேட்கிறார்.

“மன்னிச்சிட்டீங்களாண்ணே?”

வேடியப்பன் துண்டை எடுத்துக் கொடுக்கிறார். தண்ணீரைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் யோசிக்கவும் செய்கிறார், அதைக் குறை சொல்ல முடியாது.

“தொவட்டிக்குங்க,” என்கிறார். “நாளைக்கி வாங்க.”